‘அகழ்வு’: பன்றியின் சொல் பணியகத்துக்கு வந்த விதம்

கொழும்பில் அச்சாகும் தமிழ்ப் பத்திரிகைகளைத் தொடர்ந்து வாசிக்கிறவருக்கு ‘அகழ்வு’ என்ற சொல் பழகிப்போயிருக்கும். ஆற்றில் மணல் எடுத்தால் மணல் அகழ்வு. பழங்காலக் குடியிருப்பைத் தேடி மண்ணை அடுக்கடுக்காக நீக்கினால் தொல்லியல் அகழ்வு. நீதவானின் உத்தரவோடு மனித எச்சங்களை வெளியே எடுத்தால் புதைகுழி அகழ்வு. இரத்தினபுரியில் மாணிக்கம் தேடினால் இரத்தினக்கல் அகழ்வு. கொள்ளுப்பிட்டியில் மாடிக் கட்டடத்துக்கு நிலக்கீழ்த் தளம் வெட்டினால் அதுவும் அகழ்வு. கருவி வேறு, அனுமதி வேறு, அளக்கும் முறை வேறு, பிழைத்தால் வரும் சேதம் வேறு. பெயர் மட்டும் ஒன்று.

இந்த வேலைகளைக் கையால் செய்கிறவர்கள் யாரும் ‘அகழ்கிறேன்’ என்று சொல்வதில்லை. பெக்கோ இயந்திரம் ஓட்டுகிறவர் மண் வெட்டுகிறார். குழாய் போடுகிறவர் கிடங்கு கிண்டுகிறார். தோட்டத் தொழிலாளி கான் வெட்டுகிறார். அகழ்வதெல்லாம் அறிவித்தல் பலகையிலும் பத்திரிகைத் தலைப்பிலும்தான். பேச்சிலிருந்து போய்விட்ட ஒரு வினை எழுத்தில் இவ்வளவு வேலை செய்வது ஏன் என்பது விளங்க, அது பேச்சில் இருந்த காலத்தில் எதைக் குறித்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பன்றி, எலி, கோட்டை

‘அகழ்’ இன்றைக்குக் கண்ணியமான சொல். கேட்டவுடன் தூரிகையும் அளவுநாடாவுமாகக் குனிந்திருக்கும் ஆய்வாளர்தான் நினைவுக்கு வருவார். சங்கப் பாட்டில் நிலைமை வேறு. ஐங்குறுநூற்றின் கேழற்பத்தில் ‘கிழங்கு அகழ் கேழல்’ வருகிறது. கேழல் என்றால் காட்டுப் பன்றி. கிழங்குக்காக அது மூக்கால் புரட்டிப்போட்ட மலைச்சாரல் உழுத நிலமாகிவிட, அதில் விளைந்ததைக் கானவர் கொய்துபோகிறார்கள். வளை தோண்டும் எலிக்கு அகழான் என்று பெயர் வந்ததும் இந்த வினையிலிருந்துதான். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகி ‘அகிளான்’ என்று அது இன்னும் வயல்வரப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. வினை போய்விட்டது; அந்த வினையால் பெயர் பெற்ற எலி மிஞ்சியிருக்கிறது.

மூன்றாவது இடம் கோட்டை. ‘கராஅம் கலித்த குண்டுகண் அகழி’ என்கிறது புறநானூற்றின் 37ஆம் பாட்டு. கராம் என்பது முதலையில் ஒரு வகை. அது பெருகிக் கிடக்கும் ஆழமான அகழி. திருக்குறளின் 151ஆம் குறள் எல்லாருக்கும் தெரிந்தது: ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை.’ அங்கே அகழ்கிறவன் நிலத்துக்குத் தீங்கு செய்கிறவன். இகழ்வாருக்கு இணையாக நிறுத்த வேறு நல்ல தொழிலாளி கிடைக்காமலா போனார்? எதுகைக்காக வந்த சொல் என்று தள்ளிவிடவும் முடியாது. பன்றி, எலி, கோட்டைப்பள்ளம், குறள் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: நிலத்தின் உடம்பைக் கிழித்து மண்ணைப் பெருமளவில் இடம்பெயர்ப்பது. நுணுக்கம், பொறுமை, கவனம் ஆகிய சாயல்கள் பழைய ‘அகழ்’ என்ற சொல்லில் இல்லை. அவை பின்னால் ஏறியவை.

உறவு மொழிகளும் இதைத்தான் சொல்கின்றன. கன்னடத்தில் தோண்டுவதற்கு இன்றும் ‘அகெ’ என்ற வினை இருக்கிறது. பழங்கன்னடத்தில் ‘அகழ்’ என்றால் கோட்டையைச் சுற்றிய பள்ளம். மலையாளத்தில் அகழ், தெலுங்கில் அகட்த, இரண்டும் பள்ளத்தைக் குறிப்பவை. தெற்கத்தி மொழிகள் பிரிவதற்கு முன்பே சொல் இருந்திருக்கிறது, அகழியோடு அப்போதே ஒட்டியும் இருந்திருக்கிறது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

‘அகம்’ என்ற சொல்லிலிருந்து ‘அகழ்’ வந்தது, உள்ளே போவதால் அகழ்தல் என்று விளக்குகிறவர்கள் உண்டு. ‘அகல்’ என்பதோடு சேர்த்து, பள்ளத்தை அகலமாக்குவதால் அகழ் என்பாரும் உண்டு. ஒலி ஒத்துப்போவதால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் பரோவும் எமெனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி இந்த மூன்றையும் தனித்தனிப் பதிவுகளாகவே வைத்திருக்கிறது. உறவு மொழிகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான இணைச்சொற்கள் இருக்கும்போது ஒன்றை மற்றதற்குத் தாயாக்க வலுவான காரணம் வேண்டும். ‘உள்ளே’ என்ற பொருள் மட்டும் போதாது. குத்துவதும் உள்ளேதான் போகிறது.

தொட்டது போனது, கல்லியது கரைந்தது

அகழ் மட்டும் பேச்சிலிருந்து போகவில்லை. பழந்தமிழில் தோண்டுவதற்கு இருந்த இன்னொரு நல்ல வினை ‘தொடு’. ‘குளந்தொட்டு வளம் பெருக்கி’ என்று பட்டினப்பாலை கரிகாலனைப் பாடும்போது அவன் குளத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை, வெட்டுவித்தான். ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ என்ற 396ஆம் குறளிலும் அதே வினை: தோண்டிய அளவுக்கு மணற்கேணியில் நீர் ஊறும். புறநானூற்றின் ஆறாம் பாட்டில் கிழக்குக் கடலைத் ‘தொடுகடல்’ என்பதற்கு, புராணக் கதையில் வரும் சகரர் தோண்டிய கடல் என்று உரை சொல்வார்கள். தீண்டுவதைக் குறிக்கும் ‘தொடு’ என்ற வினைக்கும் இறந்தகாலம் ‘தொட்டான்’. தோண்டுவதைக் குறிக்கும் இந்த ‘தொடு’ என்ற வினைக்கும் ‘தொட்டான்’. உச்சரிப்பும் ஒன்று, வினைத்திரிபும் ஒன்று. தினசரிப் புழக்கத்தில் தீண்டும் தொடுதான் அதிகம். ஆகவே மற்றது ஒதுங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மணற்கேணிக் குறளைப் படிக்கும் பிள்ளைகள் கேணியைக் கையால் தொட்டால் தண்ணீர் வரும் என்று நினைப்பதற்குக் காரணம் ஆசிரியர் அல்ல.

‘கல்லு’ என்ற வினையும் அப்படித்தான். எலி கல்லியது, வேரைக் கல்லி எடுத்தான் என்றெல்லாம் வழங்கியது. ‘கெல்லு’ என்ற வடிவில் சில ஊர்களில் இன்னும் கேட்கலாம். கல்வி என்ற சொல் இதிலிருந்து வந்தது, அறியாமையைத் தோண்டி எறிவதே கல்வி என்று மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். இலக்கணம் கைதட்டாது. கல்லு என்பது கல்லுகிறான், கல்லினான் என்று திரியும். படிப்பதைக் குறிக்கும் கல் என்பது கற்கிறான், கற்றான் என்று திரியும். இரண்டையும் ஒரே வேரில் கட்ட வேண்டுமானால் இந்தத் திரிபு வேறுபாட்டுக்கு முதலில் விளக்கம் தர வேண்டும்.

இப்படிப் பழைய வினைகள் ஒதுங்கியபின் நிலைத்து நின்றது ‘தோண்டு’. அதன் குணம் வேறு. தோண்டுகிறவர் எதையோ தேடுகிறார், அல்லது ஒரு குழியை வேண்டி நிற்கிறார். ‘தோண்டி எடு’ என்ற இணை இயல்பாக வருவதும், துருவிக் கேட்பதைத் ‘தோண்டித் தோண்டிக் கேட்பது’ என்பதும் அதனால்தான். ஒரு சடலத்தைப் பொலிசார் வெளியே எடுத்தால் ‘தோண்டி எடுக்கப்பட்டது’ என்றே கொழும்புப் பத்திரிகைகளும் எழுதுகின்றன. பலருடைய எச்சங்கள் என்று வரும்போதுதான் அது ‘அகழ்வு’ ஆகிறது.

கிடங்கு, கான், கபுக்

கொழும்புக் கட்டட வேலைத்தளத்தில் பேசப்படும் தமிழ் மூன்று நான்கு ஊர்களின் கலவை. வடக்கிலிருந்து வந்தவர்கள் பள்ளத்தைக் ‘கிடங்கு’ என்பார்கள். அதைக் கிண்டுவார்கள் அல்லது வெட்டுவார்கள். சங்கப் பாட்டில் கிடங்கு என்றால் அகழிதான். தமிழ்நாட்டில் அது பண்டசாலையாகிவிட்டது. கிண்டுவது அல்வாவுக்கும் பரிகாசத்துக்கும் உரியதாகிவிட்டது. ஆகவே சென்னையிலிருந்து வந்த ஒருவருக்கு ‘வீதியில் பெரிய கிடங்கு, பார்த்துப் போங்கோ’ என்றால் விளங்க ஒரு கணம் பிடிக்கும். மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கு வடிகால் என்றால் ‘கான்’, அதை வெட்டுவார்கள். தேயிலைக் கன்றுக்கு ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டுவார்கள். வேர் அறாமல் மண்ணை இளக்க முள்ளுக் குத்துவார்கள். அது தோண்டுதலே அல்ல, மண் இடம் மாறுவதில்லை. தோட்டத் தமிழ் இந்த வேறுபாட்டைத் துல்லியமாகக் காப்பாற்றியிருக்கிறது.

வெட்டு, கிண்டு, தோண்டு மூன்றும் ஒரே வேலைக்கு மாறி மாறி வருவதாகத் தோன்றும். கவனித்தால் அப்படியில்லை. வெட்டுவது வடிவத்துக்கு: குளம், கிணறு, கான், அத்திவாரம். நூல் பிடித்து, முளை அடித்து, ஓரம் நேராக வர வேண்டிய எதையும் வெட்டுவார்கள். கிண்டுவது குலைப்பதற்கு: இறுகிய மண்ணை இளக்கி மேலே கொண்டுவருவது, ஓரம் எப்படிப் போனாலும் பரவாயில்லை. தோண்டுவது பொருளுக்கு. ‘அத்திவாரம் கிண்டியிருக்கிறான்’ என்று மேசன் பாஸ் ஒருவர் சொன்னால், அந்த வேலையைப் பாராட்டவில்லை என்று அர்த்தம். வாய்க்கால் ஓரம் சரிந்து, அடித்தளம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. அந்தப் பள்ளங்களை நிரப்ப வீணாகக் கொன்கிரீட் போகும். அதிகமாக வெட்டிவிட்டால் அந்த இளகிய மண்ணையே திரும்பத் தள்ளி மட்டம் செய்யக் கூடாது. அது இறுகாது, பின்னால் அத்திவாரம் அமர்ந்து சுவர் வெடிக்கும். சீமெந்து குறைத்துக் கலந்த மெலிந்த கொன்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும்.

கருவிகளின் பெயர்கள் தனி வரலாறு. ‘மண்வெட்டி’ பேச்சில் மம்மட்டி, மம்பட்டி ஆயிற்று. அதை ஆங்கிலேயர் ‘மமோட்டி’ என்று எடுத்துக்கொண்டார்கள். 1886இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இந்தச் சொல்லைத் தமிழ் மண்வெட்டி என்று சரியாகவே இனங்காட்டி, இந்தியா முழுவதிலும் படைக்கலச் சாலைப் பொருட்பட்டியலில் அது நிலைபெற்றிருந்ததையும் குறிக்கிறது. இலங்கை ஆங்கிலத்தில் அந்தச் சொல் இன்னும் சாகவில்லை. கேள்விப்பத்திரங்களில், களஞ்சியப் பதிவேடுகளில், பழைய சோனகத் தெருவிலும் குவாரி வீதியிலும் இருக்கும் இரும்புக் கடைகளின் பற்றுச்சீட்டுகளில் மமோட்டிதான். சொன்னவர்கள் தமிழர்கள் என்பது பலருக்குத் தெரியாமலே ஒரு தமிழ்ச் சொல் கடையில் விலை போகிறது.

அலவாங்கு போர்த்துக்கேயருடையது, நெம்புகோலுக்கு அவர்கள் சொல்லும் ‘அலவாங்கா’. சிங்களத்திலும் அதுவே. பிக்காசும் சவலும் ஆங்கிலத்திலிருந்து. மண்ணை அள்ளும் இரும்புத் தாச்சி அடுக்களையிலிருந்து வேலைத்தளத்துக்கு இறங்கியது.

மண்வெட்டியின் அமைப்பே வேலையின் எல்லையைத் தீர்மானிக்கிறது. தகடு காம்போடு கூர்ங்கோணத்தில் நிற்பதால் அது மண்ணைக் கால் பக்கமாக இழுக்கும். சவல் எதிர்ப்பக்கமாகத் தள்ளும். ஆகவே மண்வெட்டிக்காரர் தான் வெட்டும் பள்ளத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். இரண்டு அடிக்குக் குறைந்த அகலத்தில் அவரால் கால் மாற்றி நிற்க முடியாது. மின்கம்பி வாய்க்கால்போன்ற ஒடுங்கிய பள்ளத்துக்கு அலவாங்கால் குத்தி இளக்கிக் கையால் அள்ளுவதே வழி. ஆழம் இடுப்பைத் தாண்டினால் மண்ணை மேலே வீச முடியாது; தாச்சியில் அள்ளி மேலே நிற்பவரிடம் கொடுக்க வேண்டும், ஓர் ஆள் வேலை இரண்டு ஆள் வேலையாகும். தெற்காசியக் கட்டுமானக் கணக்கில் 1.5 மீற்றர் ஆழத்தை ஒரு தூக்கு என்று வைத்து, அதைத் தாண்டினால் கூலி கூட்டுவது இந்த உடல் கணக்கில்தான். காம்பு காய்ந்து தகட்டின் கண்ணில் ஆடத் தொடங்கினால் ஆப்பு அடிப்பார்கள். அல்லது இரவு தண்ணீரில் போட்டு வைப்பார்கள். மரம் ஊதிப் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டாவது வழி அன்றைய பொழுதைக் கடத்த மட்டுமே உதவும்.

வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பதுதான் சரிவுக்கு முதற் காரணம். குறைந்தது இரண்டு அடி தள்ளிக் கொட்ட வேண்டும். குவியலின் பாரம் விளிம்பை அழுத்தும்; மழை வந்தால் அந்தக் குவியலே தண்ணீரைத் தேக்கிப் பள்ளத்துக்குள் இறக்கும். நான்கு அடிக்கு மேல் போகும் பள்ளத்தில் பக்கங்களைச் சரிவாக வெட்டவோ பலகை கொடுத்து முட்டுவைக்கவோ வேண்டும். பக்கம் சரிந்தால் உள்ளே நிற்பவரின் நெஞ்சுவரை மண் வந்தாலே மூச்சு நின்றுவிடும், தலை மூட வேண்டியதில்லை.

கொழும்பு மண்ணுக்கும் ஒரு தோண்டற்சொல்லே பெயர். இங்கே பரவலாகக் கிடக்கும் சிவந்த, துளைத்துளையான கல்லைக் ‘கபுக்’ என்கிறோம். இந்தச் சொல் போர்த்துக்கேய ‘கவோக்கோ’ என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. கல் எடுக்கும் குழி என்று பொருள், தோண்டுவதைக் குறிக்கும் ‘கவார்’ என்ற வினையின் பிள்ளை. குழியின் பெயர் குழியிலிருந்து வந்த கல்லுக்கு ஆகியிருக்கிறது. கபுக் வெட்டும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மற்ற மண் ஆழம் போகப்போக இறுகும். கபுக்கில் மேலே காற்றுப் பட்ட ஓடு இறுகியும், கீழே களியாக இளகியும் இருப்பது வழக்கம். அலவாங்கு நெருப்புப் பறக்க மோதியதும் ‘கல் வந்துவிட்டது’ என்று நிறுத்தி அந்த மெல்லிய ஓட்டின்மேல் அத்திவாரம் போட்டால், பாரம் ஏறியபின் ஓடு உடைந்து இறங்கும். ஓட்டின் தடிப்பைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கரையோரம் வேறு கதை: மணல். அங்கே கிணறு இறக்குகிறவர்கள் கொன்கிரீட் வளையத்தை மேலே வைத்து, உள்ளே நின்று சுற்றிவரச் சமமாக மணலை எடுப்பார்கள்; வளையம் தன் பாரத்தில் தானே இறங்கும். ஒரு பக்கம் அதிகம் எடுத்தால் வளையம் சாய்ந்து சிக்கும். நிமிர்த்துவது புதிதாக ஒன்று இறக்குவதைவிடக் கஷ்டம்.

பலகைக்கு வந்த வழி

இத்தனை வினைகள் கைவசம் இருந்தும் அரசாங்கத் தமிழ் ஏன் அகழ்வைப் பிடித்தது? இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, அலுவலகங்களில் தமிழ் பெரும்பாலும் சிங்கள மூலத்துக்கு இணையாக எழுதப்படுகிறது. சிங்களத்தில் ‘கெணீம’ என்ற ஒரே பெயர் மணலுக்கும் மாணிக்கத்துக்கும் தொல்லியலுக்கும் புதைகுழிக்கும் வரும். அது அவர்களுடைய பேச்சிலும் உயிரோடு இருக்கும் சொல். அதற்கு ஈடாகத் தமிழில் ஒரு சொல்லைத் தேடியவர்கள், எந்த வேலைக்கும் குறிப்பாகச் சேராத ஒன்றைத் தேர்ந்தார்கள். இரண்டாவது, அகழ் பேச்சில் இல்லாததால் அதில் சேறு படிந்திருக்கவில்லை. கிண்டு என்றால் எழுதுகிறவருக்குக் கை கூசும். தோண்டு என்றால் ஏதோ திருட்டுத்தனம்போல் இருக்கும். பன்றியின் மூக்கை எல்லாரும் மறந்துவிட்டதால் ‘அகழ்வு’ சுத்தமாகத் தெரிந்தது.

விளைவு, பெயர் ஒன்றானாலும் கதவுகள் பல. மணல், களிமண், கல் எடுப்பது 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்கீழ் வரும். புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் அனுமதி தரும். எடுப்பதற்கு ஓர் அனுமதி, ஏற்றிச் செல்ல இன்னோர் அனுமதி, விற்க வேறோர் அனுமதி. ‘அகழ்வு அனுமதி இருக்கிறது’ என்ற நம்பிக்கையில் லொறியை வீதிக்கு இறக்குகிறவர் வழியில் மாட்டுவது இதனால்தான். அவரிடம் இருப்பது வெட்ட மட்டும். மாணிக்கத்துக்கு தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை. தொல்லியலுக்கு 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். சொந்தக் காணியானாலும் தொல்பொருள் தேடித் தோண்ட அனுமதி வேண்டும். கொழும்பு மாநகர வீதியை வெட்ட மாநகர சபை, பிரதான வீதியானால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. புதைகுழிக்கு நீதவான்.

தகராறு அதிகம் வருவது அளவில். இலங்கையில் மண்ணும் மணலும் ‘கியூப்’ கணக்கில் விலைபோகின்றன. ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். பத்தடி நீளம், பத்தடி அகலம், ஐந்தடி ஆழத்தில் ஒரு பள்ளம் வெட்டினால் 5 கியூப். ஆனால் நிலத்தில் இறுகியிருந்த மண் வெட்டியதும் ஊதும். சாதாரண மண் 20 முதல் 30 சதவீதம், மணல் 10 முதல் 15, கல்லை உடைத்தால் 50க்கும் மேல். அதே பள்ளத்து மண் லொறியில் ஆறேகால் கியூப் அளவுக்கு வரும். ‘அகழ்வு, கியூப் ஒன்றுக்கு இவ்வளவு’ என்று ஒப்பந்தத்தில் எழுதினால், வீட்டுக்காரர் பள்ளத்தை அளப்பார், லொறிக்காரர் பெட்டியை அளப்பார், இருவரும் தங்கள் கணக்கில் சரி. ‘வெட்டிய பள்ளத்தின் அளவு’ என்றோ ‘ஏற்றிய மண்ணின் அளவு’ என்றோ எழுதியிருந்தால் சண்டைக்கே இடமில்லை. வெட்டு, ஏற்று என்ற இரண்டு சாதாரண வினைகள் செய்கிற வேலையை அந்த உயர்ந்த பெயர்ச்சொல்லால் செய்ய முடியவில்லை.

நிலக்கீழ்த் தளத்துக்கு வெட்டும்போது இன்னொரு குழப்பம். கொழும்பின் தாழ்ந்த பகுதிகளில் நீர்மட்டம் மேலேயே இருக்கும். சதுப்பு நிலத்தில் அழுகிய தாவரங்கள் சேர்ந்த கரி மண் அடுக்கு உண்டு. அங்கே வெட்டுவதைவிட ஆபத்தானது தண்ணீரை இறைப்பது. நீர் இறங்கினால் அந்த மண் சுருங்கும், பக்கத்து வீட்டுச் சுவர் சாய்வாக வெடிக்கும். பலகையில் ‘அகழ்வுப் பணி’ என்று மட்டும் இருந்தால், அயலவர் பெக்கோவைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்க வேண்டியது இரவும் பகலும் ஓடும் பம்பியை.

எதிர்ப்புறத்தில், கவனம் என்ற பொருள் அகழ்வில் ஏறியது தொல்லியலால். இலங்கைத் தொல்பொருள் திணைக்களம் 1890இல் தொடங்கியது, எச்.சி.பி. பெல் முதல் ஆணையாளர். மண் அடுக்குகளைப் படிக்கும் முறை தெற்காசியாவில் ஊன்றியது 1940களில், தொல்லியலாளர் மோர்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் வேலை செய்த காலத்தில். ஐந்து மீற்றர்ச் சதுரங்களாக நிலத்தைப் பிரித்து, இடையில் ஒரு மீற்றர் வெட்டாமல் விட்டு, நான்கு மீற்றர்க் குழியை இறக்குவார்கள். வெட்டாமல் விட்ட அந்தச் சுவரில்தான் அடுக்குகள் தெரியும். கடைசியாகப் படிந்ததை முதலில் எடுக்க வேண்டும். அடுக்கு கலந்தால் கிடைத்த பொருள் எந்தக் காலத்தது என்று சொல்ல முடியாமல் போகும், திருத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் இதை ‘அகழாய்வு’ என்கிறார்கள். இங்கே ‘அகழ்வாராய்ச்சி’ என்பது பழகியது. நீளம் கூடினாலும் இங்குள்ள வடிவில் அகழ்வும் ஆராய்ச்சியும் இரண்டாகத் தெரிகின்றன. ஒன்று முடிந்து பல காலத்துக்குப் பிறகே மற்றது முடியும் என்பதால் அது பொருத்தம்தான்.

புதைகுழி வேலை இந்த முறையைக் கடன் வாங்கியது. 2018இல் மன்னார் சதொச விற்பனை நிலைய வளாகத்தில், 2024இல் கொழும்புத் துறைமுகப் பகுதியில் வீதி வேலையின்போது, 2025இல் செம்மணியில் என்று தமிழ் வாசகர் ‘அகழ்வு’ என்ற சொல்லை மீண்டும் மீண்டும் கேட்டது இந்த இடங்களில். மேல் மண்ணை மட்டும் இயந்திரம் நீக்கலாம். எச்சம் தென்பட்டதும் கைக்கரண்டியும் தூரிகையும்தான். எலும்பைக் கண்டவுடன் இழுக்கக் கூடாது. உடல் முழுவதும் வெளிப்படும்வரை மண்ணை நீக்கி, கிடந்த நிலையில் இலக்கமிட்டு, படமெடுத்து, வரைந்தபின்பே தூக்க வேண்டும். மண் முழுவதையும் சலிக்க வேண்டும். பல்லும் பொத்தானும் சல்லடையில்தான் அகப்படும். கை எப்படி மடங்கியிருந்தது, யாருக்கு மேல் யார் கிடந்தார் என்பதெல்லாம் சாட்சி. மணல் ஆற்றிலிருந்து போனாலும் அகழ்வு, இந்த வேலையும் அகழ்வு என்று ஒரே பக்கத்தில் அச்சிடும்போது செய்தி ஆசிரியர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். ‘மணல் அள்ளல்’ என்று எழுதினால் எந்தப் பொருளும் குறையாது, பேச்சில் மக்கள் சொல்வதும் அதைத்தான்.

கடல் மணலுக்கு அகழ்வு சுத்தமாகப் பொருந்தவில்லை. துறைமுக நகருக்காகக் கடலில் 269 ஹெக்டேயர் நிலம் உருவாக்கப்பட்டபோது அந்த மணலை யாரும் வெட்டவுமில்லை, தோண்டவுமில்லை. கப்பலிலிருந்து தொங்கும் குழாய் கடலடியில் உரசிச் சென்று மணலையும் நீரையும் சேர்த்து உறிஞ்சும். கப்பலின் வயிற்றில் மணல் தங்க, நீர் வழிந்துபோகும். பிறகு கரைப்பக்கம் வந்து பீச்சியடிக்கும். அது உறிஞ்சல். கால்வாயில் சேறு எடுப்பதென்றால் தூர்வாரல் என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆழத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்ற நோக்கமும் அதற்குள் இருக்கிறது.

எழுத்துப் பிழையையும் சொல்லிவிட வேண்டும். பேச்சில் இல்லாத சொல்லென்பதால் பலகை எழுதுகிறவருக்குக் காது துணை செய்யாது. ‘அகல்வு’, ‘அகள்வு’ இரண்டும் கொழும்பில் கண்ணில் படும். அகல் என்றால் விலகு, அல்லது விளக்கு. ‘அகழ்வு நடைபெறுகிறது’ என்பதற்குப் பதில் ‘அகல்வு நடைபெறுகிறது’ என்று போட்டால் வாசிக்கிறவருக்கு எதுவும் விளங்காது. இரவில் அந்த வழியாக வருகிற சைக்கிள்காரருக்குச் சரியாக எழுதியிருந்தாலும் அவ்வளவாக விளங்காது. வீதியோரப் பலகையில் ‘கவனம், ஆழமான கிடங்கு’ என்று பெரிய எழுத்தில் போட்டு, ஆழத்தை அடிக்கணக்கில் எழுதி, கீழே வேலை முடியும் திகதியைக் குறித்தால் போதும்.